கிழக்குக் கிளை உளுத்திருக்கவில்லை

பெரிய மரத்துக்கு அதன் அடியில் தண்ணீர் ஊற்றிப் பிரயோசனமில்லை, சார். நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஊற்ற வேண்டும். தண்ணீர் குடிக்கிற மெல்லிய வேர்கள் அங்கேதான் இருக்கின்றன. அடியில் இருப்பதெல்லாம் மரத்தைத் தாங்கிப் பிடிக்கிற தடி வேர்கள். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் பைப்பைக் கொண்டுபோய் நேராக அடிமரத்தில் போட்டுவிட்டு, 'தினமும்தான் ஊத்தறேன், ஏன் வாடுது?' என்று கேட்பவர்களை முப்பத்தொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஆள் ஒருவர் 'அந்தக் கேஸ்தான் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன?' என்று கேட்டார். முடியவில்லை. உங்கள் அறிக்கையில் தப்பு இருக்கிறது. மரம் நிற்கிற வீட்டுக்கு எதிர்வீட்டுப் பல் டாக்டர் சாட்சி சொன்னவர் என்பதால் அவரிடம் ஒரு நகல் இருந்தது, வாங்கிப் படித்தேன். 'உளுத்துப்போயிருந்த கிழக்குக் கிளை தானாக முறிந்து விழுந்ததில்' என்று ஒரு வரி. 'மரத்தைப் பராமரித்து வந்தவர் இதைக் கவனிக்கத் தவறியிருக்கிறார்' என்று அடுத்த வரி. அதற்குக் கீழே, மரம் ஆபத்தானது, வரும் வெள்ளிக்கிழமை வெட்டி அகற்றப்படும் என்று போட்டு உங்கள் கையெழுத்து.

கிழக்குக் கிளை உளுத்திருக்கவில்லை. நான் எதையும் கவனிக்கத் தவறவில்லை. அந்த மரம் யாரையும் எதுவும் செய்யவில்லை. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை, இன்று செவ்வாய்தான்.

என் தொழில் வயசான மரங்களைப் பார்த்துக்கொள்வது. நர்சரிக்காரர் கன்று விற்பார், தோட்டக்காரர் புல் வெட்டுவார், வெட்டுகிறவர்கள் கயிறும் ரம்பமும் கொண்டுவந்து அரை நாளில் சாய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நடுவில் சிலர் இருக்கிறார்கள். ஐம்பது வயசு மரத்தை வைத்துக்கொண்டு, வெட்டவும் மனசில்லாமல், காற்றடித்தால் தூங்கவும் முடியாமல் தவிக்கிற வீட்டுக்காரர்கள். அவர்கள்தான் என்னைக் கூப்பிடுவார்கள். ஊருக்கு வெளியே அந்தக் காலத்தில் மனை போட்டு, ஒரே மாதிரி வீடு கட்டி, ஆளுக்கு இரண்டு கன்று நட்டுக் குடிவந்த தெருக்கள் எனக்கு அத்துப்படி. வீட்டுக்காரர்களும் மரங்களும் சேர்ந்தே கிழடு தட்டியிருப்பார்கள். பிள்ளைகள் வேறு எங்கோ இருப்பார்கள். காலை பதினோரு மணிக்கு அந்தத் தெருவில் நடந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும்.

என்னிடம் ஒரு மரச் சுத்தியல் இருக்கிறது. அதை வைத்து அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவேன். நல்ல மரம் கனமாகப் பதில் சொல்லும். உள்ளே பொக்கையாக இருந்தால் சத்தம் ஒரு கணம் தயங்கி வரும். அந்தத் தயக்கம் இன்றுவரை என்னை ஏமாற்றியதில்லை. தெருவில் எனக்கு 'மரத்து டாக்டர்' என்று பெயர். பாதி மரியாதை, பாதி கிண்டல். பல் டாக்டர் மட்டும் பார்க்கும்போதெல்லாம், "நீயும் நானும் ஒரே ஜாதிதான்யா. தட்டிப் பாக்கறது, ஓட்டையை அடைக்கறது, போயிடும்னு பயமுறுத்தறது" என்பார். மனுஷன் நல்லவர். ஆனால் ஓட்டையை சிமெண்ட் வைத்து அடைக்கிற வழக்கத்தை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். அடைத்தால் உள்ளே ஈரம் தங்கும், அழுகல் இன்னும் வேகமாகப் பரவும். திறந்தே விட வேண்டும்.

அவர் வீட்டுக்கு எதிர்வீடுதான் டெலிபோன் அம்மா வீடு. உங்களுக்கு அவர்களைப் பிணமாகத்தான் தெரியும், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். யாரோ பேச, யாரோ கேட்க, நடுவில் இணைப்புக் கொடுத்தே காலத்தை ஓட்டியவர்கள். வீட்டுக்காரர் இறந்து பத்து வருஷம். ஒரே மகன் வெளிநாட்டில். கேட்டைத் திறக்கும்போது, "சொல்லுங்க" என்பார்கள். வேலைப் பழக்கம், எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் என்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது என்று தோன்றும்.

முதல் தடவை நான் போனது ஆறு வருஷத்துக்கு முன்னால். வாசலுக்கு வலது பக்கம் தூங்குமூஞ்சி மரம், குடை விரித்த மாதிரி முழு முற்றத்தையும் மூடிக்கொண்டு நிற்கும். சாயங்காலமானால் இலையெல்லாம் மடித்துக்கொள்ளும். அன்றைக்குப் பட்டப்பகலிலேயே மடித்த மாதிரி சோர்ந்திருந்தது. நுனிக் கொப்புகள் காய்ந்திருந்தன.

"போயிடுமா?" என்று கேட்டார்கள்.

"போகாதும்மா. மூச்சு முட்டுது, அவ்வளவுதான்."

கார் நிறுத்த ஷெட் போட்ட ஆட்கள் தோண்டிய மண்ணை அடிமரத்தைச் சுற்றிக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மரத்தின் பாதம் தரையைத் தொடும் இடத்தில் அகலமாக விரிந்திருக்க வேண்டும், சார். கம்பம் நட்ட மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்கினால், மண் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பட்டை மூச்சுவிட முடியாமல் ஊறி அழுகும். இரண்டு வாரம் கையாலேயே அந்த மண்ணை எடுத்தேன். மண்வெட்டி வைத்தால் வேரில் படும். நாலு மாதத்தில் துளிர் விட்டது. அன்று அவர்கள் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏங்க, நிஜமாவே நீங்க டாக்டர்தான் போலிருக்கே" என்றார்கள். ராத்திரி என் அறையில் அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அறையில் கேட்க ஆளில்லை, அதனால் வெட்கமாகவும் இல்லை.

கிழக்குக் கிளையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடிமரத்திலிருந்து பிரிந்து, தரைக்கு ஒன்றரை ஆள் உயரத்தில், படுத்த மாதிரி முப்பதடி நீண்டிருந்த கிளை அது. பிரிகிற இடத்தில் விரல் நுழைகிற அளவு ஒரு வெடிப்பு. மற்றபடி அதன் மரம் இரும்பு. மேலே அடிமரத்திலிருந்து ஒரு எஃகுக் கம்பிவடம் இழுத்துக் கட்டினேன். கிளையின் பாதித் தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி இரும்புக் குழாய் நட்டு முட்டுக் கொடுத்தேன். குழாயின் தலைக்கும் கிளைக்கும் நடுவில் பழைய டயர்த் துண்டு, அதற்குக் கீழே கட்டையில் செய்த ஒரு ஆப்பு. மரம் பருத்துக்கொண்டே இருக்கும், அதனால் அந்த ஆப்பை அவ்வப்போது தட்டி இளக்கியோ இறுக்கியோ விட வேண்டும். இதையெல்லாம் செய்து வந்தவனைப் பார்த்துத்தான் 'கவனிக்கத் தவறினார்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கிளையின் நிழலில்தான் அவர்களுடைய பிரம்பு நாற்காலி கிடக்கும். சரியாக நாலு மணிக்கு டீ. நான் முதலில் கீழே சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்துதான் குடித்தேன். ஒரு நாள் உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, "இடுப்பு என்னத்துக்கு ஆகும், இதுல உக்காருங்க" என்றார்கள். நான் கேட்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கேட்கவே இல்லை.

என் இருப்பிடம் உங்களுக்குத் தெரியும், விசாரணைக்கு வந்தபோது பார்த்தீர்கள். லாண்டரிக் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே இஸ்திரிப் பெட்டி வைக்கிற சத்தம் ஏழு மணிக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என் மனைவி, 'அக்கா வீட்டுக்குப் போயிட்டுப் பத்து நாள்ல வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் போனாள். சண்டை எதுவும் கிடையாது. ஃபிரிட்ஜில் பத்து நாளைக்குக் குழம்பு வைத்துவிட்டுத்தான் போனாள். பதினொன்றாம் நாள் நானே சமைத்தேன். அப்புறம் ஒரு கடிதம் வந்தது. உங்களோடு இருக்கும்போது யாரோடும் இல்லாத மாதிரியே இருக்கிறது என்று எழுதியிருந்தாள். எனக்கு அது இன்றுவரை விளங்கவில்லை. நான் வீட்டில்தானே இருந்தேன்.

ஆகவே எனக்குப் புதன்கிழமை முக்கியம். மண் எடுத்த இரண்டு வாரமும் தினமும் போனேன். அப்புறம் மாதம் ஒரு புதன். பிறகு வாரம் ஒரு புதன் என்று நின்றது. மற்ற ஆறு நாளும் புதன்கிழமைக்கு எத்தனை நாள் என்றுதான் எனக்குக் கணக்கு. அவர்கள் எக்ஸ்சேஞ்ச் கதைகள் சொல்வார்கள். மாப்பிள்ளையோடு பேசும்போது மட்டும் குரல் மாறுகிற ஒரு அமைச்சர், தினமும் தப்பான நம்பரைக் கேட்டு இவர்களோடே பேசிவிட்டு வைத்துவிடுகிற ஒரு கிழவர். "பாவம், அவருக்கு நம்பர் நல்லாத் தெரியும்" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் யாரென்று எனக்கு மட்டும் தெரிந்த மாதிரி இருக்கும்.

இரண்டாம் வருஷம் மரம் நன்றாகத் தேறிவிட்டது. அப்போதுதான் ஒரு புதன்கிழமை டீயைக் கொடுத்துக்கொண்டே, "இனிமே மாசம் ஒரு தடவை வந்தாப் போதுமில்ல? உங்களுக்கும் அலைச்சல்" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். நான் டம்ளரை அப்படியே கீழே வைத்தேன்.

இங்கே நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நான் எடுத்த மண் பின்பக்கச் சுவரோரம் குவியலாகக் கிடந்தது. அதிலிருந்து ஒரு கூடை எடுத்து அடிமரத்தைச் சுற்றிப் பரப்பினேன். அடுத்த வாரம் இன்னொரு கூடை. மேலே சருகைப் போட்டு மூடினால் யாருக்கும் தெரியாது. ஒரு வருஷத்தில் இலை மஞ்சளடித்தது. நான் தட்டிப் பார்த்துவிட்டு, "வயசாச்சில்லம்மா, கூடவே இருந்து பாக்கணும்" என்றேன். ரொம்ப வாடினால் நாலு கூடை எடுத்துவிடுவேன், நிமிர்ந்தால் இரண்டு கூடை போடுவேன். உயிருக்கு ஆபத்து வரும்படி நான் ஒருநாளும் விட்டதில்லை. நோயும் மருந்தும் ஒரே கையில் இருந்தால் இரண்டும் அளவோடு இருக்கும். மண்ணைக் கொட்டுவதை யாரும் குற்றமென்று சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன். சட்டம் உங்களுக்குத்தான் தெரியும்.

மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். சில நாள் புதன்கிழமையும் கூப்பிடுவார். அவர்கள் போனை மடியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள், காதில் வைத்துவைத்துச் சலித்துவிட்டது என்பார்கள்.

"அம்மா, ஒரு மரத்துக்காகவா அங்கயே கெடக்கறீங்க? இங்க வந்துடுங்கம்மா."

"மரம் தேறட்டும்பா. நோயில கெடக்கறத நடுவுல விட்டுட்டு எப்படி வர்றது? ஊர் சிரிக்காதா?"

என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்கள். நான் சுவரோரம் பார்ப்பேன். மூன்று வருஷம் மரம் தேறவில்லை. அந்த மூன்று வருஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன், சார். ஒளித்துப் பேச ஒன்றுமில்லை. என் வாழ்நாளில் சந்தோஷமாக இருந்ததே அந்த மூன்று வருஷம்தான்.

இந்த வருஷம் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் வந்த படத்தை என்னிடம் காட்டினார்கள். விரலால் பெரிசு பண்ணி, "மூக்கப் பாருங்க, அப்படியே எங்க வீட்டுக்காரரு" என்றார்கள். அடுத்த புதன்கிழமை கூடத்தில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. நீல நிறப் பெட்டி, சக்கரம் வைத்தது. டீயைக் குடித்து முடிக்கும்வரை நான் கேட்கவில்லை. அவர்களாகச் சொன்னார்கள்.

"வர்ற வாரத்துக்கு அடுத்து, சனிக்கிழமை கெளம்பறேன். பேத்தியைப் பாக்கணும் போல இருக்கு. பத்து நாள்தான். நான் இல்லாதப்ப நீங்க வந்து மரத்தப் பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு வாசல் கேட்டின் சாவியை என் கையில் வைத்தார்கள். அவர்கள் கையிலிருந்து நேராக என் கைக்கு. கொஞ்சம் சூடாக இருந்தது.

பத்து நாள்தான் என்று சொன்னதை நான் மறைக்கவில்லை, பாருங்கள். சொன்னார்கள். போகிறவர்கள் எல்லாரும் பத்து நாள் என்றுதான் சொல்வார்கள். ஒரேயடியாகப் போகிறேன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், அது ஒரு நாகரிகம். போக முடிவெடுத்தவர்கள்தான் சாவியைக் கொடுப்பார்கள். அன்று அறைக்குப் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. புதன்கிழமை இல்லாத வாரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவில்லை. தொழில் தெரிந்தவன் என்கிற முறையில் அவர்களைப் பற்றியும் யோசித்தேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு துணிக்கடை முதலாளி வீடு மாறினார். பழைய வீட்டு மரத்தை விட்டுவர மனசில்லாமல் கிரேன் வைத்துத் தூக்கிவந்து புது வீட்டில் நட்டார். நாற்பது வயசு மரம். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். முதல் வருஷம் பச்சையாகத்தான் இருந்தது, உள்ளே சேர்த்து வைத்திருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. இரண்டாம் வருஷம் நுனி காய்ந்தது. மூன்றாம் வருஷம் பட்டை கழன்று விழுந்தது. வயசான மரத்தைப் பிடுங்கி நட்டால் அது நின்றுகொண்டே சாகும், சார். மூன்று வருஷம் சாகும். டெலிபோன் அம்மாவுக்கு எழுபத்தொன்று. தெரியாத ஊர், தெரியாத குளிர், மருமகள் வேலைக்குப் போனபிறகு நாலு சுவர். பேசுவதற்கு யார் இருப்பார்கள்? அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போவதற்கு, இருந்த இடத்தில், தன் நிழலில், ஒரு நிமிஷத்தில் முடிவது எவ்வளவோ மேல். யாராவது ஒருவர் அவர்களுக்காக இதை யோசிக்க வேண்டியிருந்தது.

அடுத்த புதன்கிழமை கம்பிவடத்தைக் கழற்றினேன். "துருப்பிடிச்சிருக்கும்மா, புதுசு மாத்தணும்" என்றேன். அது துருப்பிடிக்காத எஃகு. என் அறையில் கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவர்கள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பயணத்துக்கு முன்னால் கண்ணாடி மாற்ற. என்னிடம் சாவி இருந்தது. ஏணி வைத்து ஏறி, கிளை பிரிகிற இடத்தில் மேல்பக்கமாகக் கைரம்பத்தால் அறுத்தேன். மூன்றில் ஒரு பங்கு ஆழம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடையில் இரண்டு தடவை நிறுத்தி அந்தக் கிளையைத் தடவிக் கொடுத்தேன். எத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றிய கிளை, என் கையாலேயே அறுக்கும்போது நெஞ்சு வலித்தது. அறுத்த இடத்தில் காயத்துக்குப் பூசுகிற பழுப்புப் பூச்சைப் பூசினேன். மரத்தூளைப் பழைய துணியில் கட்டி எடுத்துவந்துவிட்டேன்.

அந்தப் பூச்சைத்தான் உங்கள் ஆள் உளுத்தல் என்று எழுதியிருக்கிறார். நகத்தால் சுரண்டியிருந்தாலே தெரிந்திருக்கும். கீழே வெளிமரம் வெளிர் மஞ்சளாக இருக்கும், உள்ளே வைரம் என்கிற நடுமரம் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும், ரம்பப் பல் பட்ட கோடு வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே முறிந்த இடத்தைப் பாருங்கள். உளுத்த மரம் முறிந்தால் தூளாகக் கொட்டும். நல்ல மரம்தான் அப்படி நார் நாராகக் கிழிந்து நிற்கும். கிளை இன்னும் முற்றத்தில்தான் கிடக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

புதன்கிழமை நாலு மணிக்கு முன்பே போய்விட்டேன். காற்றே இல்லை. நாற்காலிகள் முட்டுக் குழாயை ஒட்டிக் கிடந்தன. அவர்களுடையதை மட்டும் இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டேன். "அங்க வெயில் வருதும்மா" என்றேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். "இப்பதான் உங்க முகமே சரியாத் தெரியுது. இளைச்சுட்டீங்களே" என்றார்கள். இரண்டு டம்ளர் டீ, ஒரு தட்டில் பிஸ்கட். பேத்திக்குப் பின்னிய கம்பளித் தொப்பியைக் காட்டினார்கள். தலை எத்தனை பெரிசு இருக்கும் என்று தெரியாமல் மூன்று அளவில் பின்னியிருந்தார்கள். நான் என் டீயைக் குடித்து முடித்தேன். மரச் சுத்தியலை எடுத்துக்கொண்டு குழாயிடம் போனேன்.

"என்ன பண்றீங்க?"

"ஆப்பு சரியா உக்காரலம்மா. தட்டி எடுத்துட்டு வேற வைக்கணும்."

"நான் எந்திரிச்சுக்கட்டுமா?"

"வேண்டாம்மா. உக்காருங்க. டீ ஆறிடும்."

மறுபடி டம்ளரைக் கையில் எடுத்தார்கள். அவர்களுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. எங்கே நின்றால் கிளை என்மேல் படாது என்று எனக்குத் தெரியும், அங்கே நின்றேன். முதல் தட்டில் ஆப்பு அசையவில்லை. இரண்டாவதில் பாதி வந்தது. மூன்றாவது தட்டுக்கு முன்னால் அவர்களைப் பார்த்தேன். பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டினேன்.

துன்பப்பட்டிருக்கமாட்டார்கள். உங்கள் டாக்டரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார், அந்த வரி சரி. நான் என் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, இலைகளுக்கு நடுவில் அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கை மட்டும் வெளியே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் ஒருநாளும் தொட்டுப் பேசியது கிடையாது. முறிந்த கிளையில் இலைகள் வழக்கத்துக்கு முன்னாலேயே மடியத் தொடங்கின. பிறகு எதிரே போய்ப் பல் டாக்டரைக் கூப்பிட்டேன். சத்தம் கேட்டு அவரே பாதித் தெரு வந்துவிட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, "உன் மேல தப்பில்லய்யா, கிழட்டு மரம்யா" என்று என் தோளைத் தட்டினார். நான் மறுத்துப் பேசவில்லை. அதுதான் நான் செய்த ஒரே தப்பு. கண்முன்னால் ஒரு நல்ல மரத்தின்மேல் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதைச் சரிசெய்யத்தான் வந்தேன். மரத்தை வெட்ட வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். அடிமரம் திடமாக இருக்கிறது, நான் தட்டிப் பார்த்துச் சொல்கிறேன். சுற்றியிருக்கிற மண்ணை மட்டும் யாராவது கையால் எடுக்க வேண்டும். இன்னும் அறுபது வருஷம் நிற்கும். 'கவனிக்கத் தவறினார்' என்கிற வரியையும் அடித்துவிடுங்கள். நான் செய்த தொழிலில் அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன், அப்படியே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இது கேஸுக்குத் தேவையா என்று தெரியவில்லை. காரியமெல்லாம் முடிந்தபிறகு மகன் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். குழந்தை படத்தில் பார்த்த அதே மூக்கு. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கேயே வந்துடுங்கன்னு எத்தனையோ தடவை கெஞ்சிட்டேங்க. கேக்கல. மரம் கெடக்கட்டும்மா, இன்னும் என்னம்மான்னு சண்டை போட்டப்பதான் சொன்னாங்க. புதன்கிழமை ஒரு மனுஷன் பேச வருவாருடா, அவருக்கு வேற யாருமில்லைன்னு" என்றார். துக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது சொல்வார்கள், எதிரே இருப்பவர் மனசு ஆறட்டும் என்று. நான் தலையாட்டிக்கொண்டேன்.

அப்புறம் அந்த நீலப் பெட்டியைத் திறந்து அவர்களுடைய விமான டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். திரும்பி வருவதற்கும் சேர்த்து எடுத்திருந்தார்கள். போகிற சனிக்கிழமைக்குப் பதினொன்றாம் நாள், புதன்கிழமை, காலை பதினொன்றரைக்கு இங்கே வந்து இறங்குகிற மாதிரி. நான் அதை வாங்கி இரண்டு தடவை படித்தேன், தேதியையும் பார்த்தேன், மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். போக வர இரண்டுக்கும் சேர்த்து எடுத்தால் டிக்கெட் மலிவு, சார். அதற்காகத்தான் எடுத்திருப்பார்கள். வேறு எதற்கு எடுக்கப்போகிறார்கள்?